மெயின்டனன்ஸ் ஷீட்டில் கலர் தானாக மாற வேண்டுமா? ரூலை ஒரு தடவை எழுதி மேக்ரோவிடம் விட்டுவிடுங்கள்

எங்கள் அப்பார்ட்மெண்டில் 36 வீடு. மாதா மாதம் மெயின்டனன்ஸ் வசூல் கணக்கு கூகுள் ஷீட்ஸில்தான் ஓடுகிறது. எனக்கு முன்னால் பொருளாளராக இருந்தவர் ரொம்பப் பொறுமைசாலி. பணம் வந்ததும் அந்த வரிசைக்குக் கையாலேயே பச்சை அடிப்பார், கெடு தாண்டியதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சிவப்பு அடிப்பார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பொறுப்பு எடுத்த முதல் மாதமே பணம் கட்டிய ஒருவரின் சிவப்பை மாற்ற மறந்துவிட்டேன், அவர் யுபிஐ ஸ்க்ரீன்ஷாட்டோடு வாட்ஸ்அப் குரூப்பில் வந்து நின்றார். அன்றைக்கு ராத்திரி கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில், அதாவது நாம் ரூல் எழுதிக் கொடுத்தால் ஷீட்டே கலர் அடிக்கும் வசதியில், உட்கார்ந்தவன்தான், அப்புறம் இதுவரை கையால் ஒரு கட்டத்துக்கும் கலர் அடித்ததில்லை.

உங்களுடையது சீட்டுக் கணக்காக இருக்கலாம், டியூஷன் ஃபீஸாக இருக்கலாம், கடையின் கடன் நோட்டாக இருக்கலாம். யார் கொடுத்தார், யார் பாதி கொடுத்தார், யாருக்குக் கெடு தாண்டியது என்று பார்க்கும் எந்த ஷீட்டுக்கும் இதே வேலைதான். நான் என் ஷீட்டை வைத்தே சொல்கிறேன்.

ஏ-யில் வீட்டு எண், பி-யில் பெயர், சி-யில் கட்ட வேண்டிய தொகை, டி-யில் கெடு தேதி, இ-யில் கட்டிய தொகை, எஃப்-இல் கட்டிய தேதி. முதல் வரிசை தலைப்பு, கணக்கு இரண்டாம் வரிசையிலிருந்து. ஃபார்முலாவை எல்லாம் வாசிக்க வசதியாக உச்சரிப்பிலேயே எழுதுகிறேன், ஷீட்டில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒரு வேலை: ஏற்கெனவே கையால் அடித்த கலரை எல்லாம் எடுத்துவிடுங்கள். மொத்தத்தையும் செலக்ட் செய்து, பெயிண்ட் டப்பா ஐகானில் ரீசெட் கொடுத்தால் போய்விடும். ரூல் போடும் கலர் கைக்கலருக்கு மேலே உட்காரும், ரூல் பொய்யாகும்போது அடியில் இருக்கும் பழைய கலர் எட்டிப் பார்க்கும். 'ரூல் வேலை செய்யவில்லை' என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை.

சரி, ரூலுக்கு வருவோம். ஏ2 முதல் எஃப்100 வரை செலக்ட் செய்யுங்கள். வீடு 36 தானே என்று 37-ஆம் வரிசையோடு நிறுத்த வேண்டாம், கீழே கொஞ்சம் இடம் இருக்கட்டும். ஃபார்மேட் மெனுவில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் கொடுத்தால் வலது பக்கம் ஒரு பலகை திறக்கும். அதில் 'ஃபார்மேட் செல்ஸ் இஃப்' என்பதன் கீழ் இருக்கும் பட்டியலின் கடைசிக்குப் போனால் 'கஸ்டம் ஃபார்முலா இஸ்' இருக்கும். மேலே இருக்கும் 'இஸ் எம்ப்டி', 'கிரேட்டர் தேன்' எல்லாம் அந்தந்தக் கட்டத்தை மட்டும் பார்க்கும். நமக்கு ஒரு கட்டத்தைப் பார்த்து முழு வரிசைக்கும் கலர் வேண்டும், அதற்குக் கஸ்டம் ஃபார்முலாதான்.

முழுசாகக் கட்டியவர்களுக்குப் பச்சை:

=ஆண்ட்(இஸ்நம்பர்($இ2), $சி2>0, $இ2>=$சி2)

பாதி கட்டியவர்களுக்கு மஞ்சள்:

=ஆண்ட்(இஸ்நம்பர்($இ2), $இ2>0, $இ2<$சி2)

கெடு தாண்டியும் கட்டாதவர்களுக்குச் சிவப்பு:

=ஆண்ட்($சி2>0, $டி2<டுடே(), $இ2<$சி2)

இதில் டாலர் குறிதான் உயிர். நீங்கள் ஒரு ஃபார்முலாதான் எழுதுகிறீர்கள், ஆனால் ஷீட் அதை ஒவ்வொரு கட்டத்துக்கும் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்க்கிறது. செலக்ஷனின் மேல் இடது மூலை ஏ2, அங்கே நின்று எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பி2-வுக்குப் போகும்போது டாலர் இல்லாத இ2 ஒரு இடம் தள்ளி எஃப்2 ஆகிவிடும், அங்கே இருப்பது தேதி, தேதியைத் தொகையோடு ஒப்பிட்டு ஏதோ ஒரு கலர் வரும். எழுத்துக்கு முன்னால் டாலர் போட்டால் எந்தக் கட்டத்திலிருந்து பார்த்தாலும் இ-யையே பார்க்கும். எண்ணுக்கு முன்னால் மட்டும் போட்டுவிடாதீர்கள், போட்டால் 36 வீட்டுக்காரரும் முதல் வீட்டுக்காரரின் கலரில் இருப்பார்கள். அதே மாதிரி செலக்ஷன் ஏ2-இல் தொடங்கினால் ஃபார்முலாவிலும் 2 இருக்க வேண்டும். ஏ1-இலிருந்து செலக்ட் செய்துவிட்டு 2 என்று எழுதினால் எல்லாக் கலரும் ஒரு வரிசை மேலே ஏறி, கட்டாதவருக்குப் பச்சையும் பக்கத்து வீட்டுக்குச் சிவப்பும் விழும். பார்த்தால் சரியாக இருப்பது போலவே வேறு தெரியும்.

அந்த இஸ்நம்பர் எதற்கு என்று கேட்பீர்கள். முதலில் நான் வைக்கவில்லை. ஒரு மாதம் ஒரு வீட்டுக்கு 2000 மட்டும் வந்திருந்தது, 2500 வர வேண்டியது, ஆனால் வரிசை பச்சையாக இருந்தது. பார்த்தால் யாரோ '2000/-' என்று பழக்கதோஷத்தில் கோடு, சிறுகோடு எல்லாம் போட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் ஷீட்டுக்கு அது எண் இல்லை, எழுத்து. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எழுத்துதான் பெரியது என்று ஷீட் முடிவு கட்டும். ஆக '2000/-' மட்டும் இல்லை, 'நாளைக்குத் தருகிறேன்' என்று எழுதினால்கூட 2500-ஐ விடப் பெரியதாகி, முழுசாகக் கட்டியதாகப் பச்சை விழும். இப்போது இ-யில் எண் இருந்தால்தான் பச்சையும் மஞ்சளும். எழுத்து இருந்தால் வரிசை வெள்ளையாகவே நிற்கும், அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். இன்னும் கறாராக வேண்டுமென்றால் =இஸ்டெக்ஸ்ட்($இ2) என்று நான்காவதாக ஒரு ரூல் போட்டுச் சாம்பல் நிறம் கொடுங்கள்.

$சி2>0 என்பதும் இதே மாதிரி ஒரு காவல். காலிக் கட்டத்தை ஷீட் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும். இது இல்லாவிட்டால் சி காலியாக இருக்கும் வரிசையில் இ-யில் எந்த எண் விழுந்தாலும், அது பூஜ்ஜியத்துக்குக் குறையாது என்பதால் முழுசாகக் கட்டிய கணக்காகிப் பச்சை விழும்.

தேதியில் வரும் வம்பு தனி. நம் ஆட்கள் பலர் 10.07.2025 என்று புள்ளி வைத்து எழுதுவார்கள். கட்டத்தில் தேதி இடது ஓரமாக ஒட்டி நின்றால் அது தேதி இல்லை, எழுத்து. மேலே சொன்ன அதே காரணத்தால் அது டுடே-யைவிடச் சின்னதாகவே ஆகாது, அந்த வீட்டுக்குச் சிவப்பு வரவே வராது. இன்னொன்று, ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லொகேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். யுனைடெட் ஸ்டேட்ஸ் என்றிருந்தால் 10/07 என்பது அக்டோபர் 7, ஜூலை 10 இல்லை. இந்தியா என்று மாற்றுங்கள். அங்கேயே டைம் ஸோனும் இருக்கும், டுடே எந்த ஊர் நள்ளிரவில் மாற வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

ரூல்களின் வரிசையும் முக்கியம். ஒரே கட்டத்துக்கு இரண்டு ரூல் உண்மையானால் பலகையில் மேலே இருப்பதுதான் ஜெயிக்கும். கெடு தாண்டியும் பாதி மட்டும் கட்டியவர் மஞ்சளுக்கும் பொருந்துவார், சிவப்புக்கும் பொருந்துவார். நான் மஞ்சளை மேலே வைத்திருக்கிறேன். கணக்குப்படி சிவப்புதான் நியாயம் என்று எங்கள் செயலாளர் சொல்வார், ஆனால் ஆயிரத்தைக் கொடுத்துவிட்டு மீதிக்கு டைம் கேட்ட மனிதரைச் சுத்தமாகக் கட்டாதவரோடு சேர்த்துச் சிவப்பில் காட்டினால் மீட்டிங்கில் யார் பதில் சொல்வது?

சலுகை நாள் வைத்திருப்பவர்கள், அதாவது கெடுவுக்கு மேல் ஐந்து நாள் பொறுப்போம் என்பவர்கள், அந்த 5-ஐ ஃபார்முலாவுக்குள் எழுத வேண்டாம். 'அமைப்பு' என்று ஒரு டேப் போட்டு அதன் பி1-இல் 5 என்று வையுங்கள். கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் வேறு டேப்பை நேராகச் சுட்டினால் ஏற்காது, இண்டைரக்ட் வழியாகத்தான் போக வேண்டும்:

=ஆண்ட்($சி2>0, $டி2+இண்டைரக்ட்("'அமைப்பு'!பி1")<டுடே(), $இ2<$சி2)

பொதுக்குழுவில் ஏழு நாள் என்று முடிவானால் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும், எல்லா மாதத்துக்கும் மாறிவிடும்.

இதுவரை செய்ததே பலருக்குப் போதும். எனக்குப் போதவில்லை, ஏன் என்று சொல்கிறேன். நான்கு மாதம் கழித்து ஒரு நாள் அந்தப் பலகையைத் திறந்தால் மூன்று ரூல் இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்துக்கு மேல். ஒரே பச்சை ரூல் 'ஏ2 முதல் எஃப்11 வரை', 'ஏ13 முதல் எஃப்20 வரை', இடையில் ஒரு வரிசைக்குத் தனியாக ஒன்று என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. காரணம் காப்பி பேஸ்ட். ஒரு கட்டத்தைக் காப்பி செய்து இன்னொரு இடத்தில் ஒட்டும்போது மதிப்போடு சேர்ந்து ரூலும் ஒட்டிக்கொண்டு போகும், ஒட்டிய இடத்தில் இருந்த ரூலின் எல்லை அறுபடும். கண்ட்ரோல் ஷிஃப்ட் வி அழுத்தி மதிப்பை மட்டும் ஒட்டினால் இது நடக்காது. நீங்கள் செய்வீர்கள். உங்கள் ஷீட்டில் எடிட் உரிமை உள்ள மற்ற நான்கு பேர் செய்வார்களா? புது மாதத்துக்கு டேப்பை டூப்ளிகேட் செய்யும்போது ரூல்களும் கூடவே வரும் என்பது வசதிதான், ஆனால் உடைந்தது உடைந்தபடியே அடுத்த மாதத்துக்கும் போகும்.

துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள், வீண் வேலை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மூன்று ரூலையும் புதிதாக எழுதுவதுதான் வழி, அதை மேக்ரோ செய்யட்டும். மேக்ரோ என்றால் நாம் ஒரு தடவை செய்து காட்டியதைப் பதிவு செய்து, கேட்கும்போது அப்படியே திரும்பச் செய்யும் வசதி. கோடிங் தெரியாதே என்று பயப்பட வேண்டாம், ஒரே ஒரு இடத்தில்தான் கை வைக்கப் போகிறோம்.

ரூல் எதுவும் இல்லாத ஒரு டேப்பில் போய் நில்லுங்கள். டூப்ளிகேட் எடுத்து அதில் ரூல்களை அழித்துவிட்டாலும் சரி. எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் மேக்ரோஸ், அதில் ரெக்கார்ட் மேக்ரோ. கீழே ஒரு சின்னப் பெட்டி வரும், அப்சல்யூட் ரெஃபரன்ஸைத் தேர்ந்தெடுங்கள், ரிலேட்டிவ் வேண்டாம், அதைக் கொடுத்தால் கர்சர் எங்கே நின்றதோ அங்கிருந்து கணக்கு தொடங்கிவிடும். இப்போது மேலே சொன்ன மூன்று ரூலையும் நிதானமாகப் போடுங்கள், எது மேலே இருக்க வேண்டுமோ அதை முதலில். ஒவ்வொன்றுக்கும் டன் கொடுங்கள். முடிந்ததும் அந்தச் சின்னப் பெட்டியில் சேவ். பெயர் கேட்கும், 'கலர்' என்று ஆங்கிலத்தில் ஏதாவது வையுங்கள், ஷார்ட்கட்டுக்கு ஒரு எண் கேட்கும், 1 கொடுங்கள். இனிமேல் கண்ட்ரோல் ஆல்ட் ஷிஃப்ட் 1 அழுத்தினால் மூன்று ரூலும் வந்து உட்காரும்.

ஆனால் அவசரப்பட்டு இரண்டு தடவை அழுத்திப் பார்க்காதீர்கள், ஆறு ரூல் ஆகிவிடும். ரெக்கார்டர் 'இருக்கிற ரூலை எடு, அதன் கடைசியில் இதைச் சேர்' என்றுதான் எழுதி வைக்கும். பழையதைத் துடைப்பது அதற்குத் தெரியாது. அதை நாம் சொல்லித்தர வேண்டும்.

எக்ஸ்டென்ஷன்ஸ், மேக்ரோஸ், மேனேஜ் மேக்ரோஸ். உங்கள் மேக்ரோவுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி, அதில் எடிட் ஸ்க்ரிப்ட். மேக்ரோவின் கோட் இருக்கும் ஆப்ஸ் ஸ்க்ரிப்ட் திறக்கும். நீங்கள் போட்டது மூன்றே ரூல் என்றாலும் அங்கே ஒரு கட்டுரை அளவுக்கு எழுதியிருக்கும், ஏனென்றால் பலகையில் நீங்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும், பச்சையைத் தொட்டுவிட்டு வேறு பச்சைக்கு மாறியதைக்கூட, அது தனித்தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. அசிங்கமாக இருக்கும், விடுங்கள். மேலிருந்து வாசித்து வந்தால் 'வார் கண்டிஷனல்ஃபார்மேட்ரூல்ஸ் =' என்று முதல் முறையாக வரும் வரி ஒன்று இருக்கும். சமக்குறிக்கு வலது பக்கம் 'கெட்ஆக்டிவ்ஷீட்', 'கெட்கண்டிஷனல்ஃபார்மேட்ரூல்ஸ்' என்று நீளமாக இருப்பதுதான் 'இருக்கிற ரூலை எடு' என்னும் கட்டளை. அந்த வலது பக்கத்தை மட்டும், அரைப்புள்ளிக்கு முன்னால் வரை, அழித்துவிட்டு அங்கே [] என்று சதுர அடைப்பைத் திறந்து மூடுங்கள். வெறும் பட்டியலிலிருந்து தொடங்கு என்று அர்த்தம். கீழே இதே போல இன்னும் பல வரி வரும், அவற்றைத் தொடாதீர்கள், தொட்டால் கடைசி ரூல் மட்டும்தான் மிஞ்சும். முதல் வரி மட்டும். சேவ் செய்யுங்கள்.

இப்போது எத்தனை தடவை அழுத்தினாலும் மூன்றே ரூல்தான், அதுவும் முழு எல்லையோடு. முதல் தடவை ஓட்டும்போது அனுமதி கேட்கும். கூகுள் இந்த ஆப்பைச் சரிபார்க்கவில்லை என்று மிரட்டும் பக்கம் வந்தால், அட்வான்ஸ்டு கொடுத்து உள்ளே போகலாம். உங்கள் ஸ்க்ரிப்ட்டை நீங்களே எழுதியதால் இது சரி. வேறு யாரோ அனுப்பிய ஷீட்டில் இந்தப் பக்கம் வந்தால் அங்கேயே மூடிவிடுங்கள்.

ஷார்ட்கட்டை அழுத்தவும் சோம்பலா? ஆப்ஸ் ஸ்க்ரிப்ட்டின் இடது ஓரத்தில் கடிகார ஐகான், அதுதான் ட்ரிகர்ஸ், மேக்ரோவைத் தானாக ஓட வைக்கும் ஏற்பாடு. ஆட் ட்ரிகர் கொடுத்து, உங்கள் மேக்ரோவின் பெயரைத் தேர்ந்தெடுத்து, டைம் ட்ரிவன், டே டைமர், விடிகாலையில் ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பகலில் யார் எதை ஒட்டிக் கெடுத்தாலும் காலையில் சரியாகியிருக்கும். சிவப்பு மாறுவதற்கு இந்த டைமர் தேவையே இல்லை, டுடே இருப்பதால் அது தானாக மாறும். டைமர் ரிப்பேருக்கு மட்டும். ஒரு விஷயம், அந்த நேரத்தில் ஷீட்டை யாரும் திறந்து வைத்திருக்க மாட்டார்கள், அதனால் 'ஆக்டிவ் ஷீட்' என்றால் இடது ஓரத்தில் இருக்கும் முதல் டேப் என்றே அது எடுத்துக்கொள்ளும். நடப்பு மாதத்தின் டேப்பை எப்போதும் முதலில் இழுத்து வைத்துவிடுங்கள், 'அமைப்பு' டேப்பைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நான் இதை மறந்துபோய் ஒரு வாரம் 'அமைப்பு' டேப்புக்கு ராத்திரி ராத்திரி ரூல் போட்டுக்கொண்டிருந்தேன்.

புது நிதியாண்டுக்கு ஃபைலை மேக் எ காப்பி செய்தால் ஸ்க்ரிப்ட்டும் கூடவே வரும், ட்ரிகர் வராது. ஏப்ரலில் அதை மட்டும் திரும்ப வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கண்டிப்பாக ஒருவர் கேட்பார்: 'சிவப்பு எல்லாம் கூட்டினால் எவ்வளவு?' கலரைக் கூட்ட ஷீட்டில் ஃபங்ஷன் கிடையாது. அதற்கென்று ஆட்ஆன் தேடி அலையாதீர்கள். சிவப்புக்குக் காரணமான அதே நிபந்தனையைக் கூட்டலிலும் கொடுத்தால் முடிந்தது. ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் கெடு தாண்டியவர்களின் பாக்கி:

=சம்இஃப்ஸ்(சி2:சி100, டி2:டி100, "<"&டுடே(), இ2:இ100, "")

சலுகை நாள் வைத்திருந்தால் டுடே() என்ற இடத்தில் அந்த நாட்களைக் கழித்துக்கொள்ளுங்கள். கலர் கண்ணுக்கு மட்டும்தான், கணக்குக்கு இ-யில் இருக்கும் எண்தான்.

மொபைல் ஆப்பில் மேக்ரோ ஷார்ட்கட்டும் வராது, ஸ்க்ரிப்ட் எடிட்டரும் வராது, அதனால் மேலே சொன்ன அமைப்பு வேலை எல்லாம் கம்ப்யூட்டரில்தான். அதற்குப் பிறகு போனில் தொகையை அடித்தாலே கலர் மாறும். எங்கள் வாட்ச்மேன் அண்ணன் ரொக்கமாக வாங்கினால் கேட்டில் நின்றபடியே போனில் இ-யில் எண்ணை அடிக்கிறார், '/-' போடாமல் அடிக்க மட்டும் சொல்லிக் கொடுத்தேன். இப்போது ஒன்றாம் தேதி என் வேலை இவ்வளவுதான்: டேப்பை டூப்ளிகேட் செய்து இடது ஓரத்துக்கு இழுத்து, இ-யையும் எஃப்-ஐயும் காலி செய்து, டி-யில் புதுக் கெடுவைப் போட்டு, கண்ட்ரோல் ஆல்ட் ஷிஃப்ட் 1. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது.